ஸ்லைடர் அக்காவும் ஆறு இதழ்ப் பூவும்

இந்த உலகத்தில் நகர்த்திப் பார்க்க முடியாதது என்று ஒன்றுமே கிடையாது என முழு மனதோடு நம்பிய ஒரே மனுஷி எங்கள் ஸ்லைடர் அக்காதான். குழம்பில் உப்பு கூடிவிட்டதா, மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டதா, பெரம்பலூர் பஸ் இன்னும் வரவில்லையா, எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே வைத்தியம்தான். "அதுக்கு ஒரு ஸ்லைடர் வைங்க தம்பி, இப்படி லேசா இந்தப் பக்கம் இழுங்க" என்று ஆள்காட்டி விரலைக் காற்றில் நகர்த்துவார். பஸ் வந்துவிடும். வராவிட்டால் நாம் இழுத்த பக்கம் தப்பு என்பார்.

குன்னத்தில் ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடும் கடை அவருடையது. கடையைத் தொடங்கியவர் அவர் கணவர். சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "கொஞ்ச நாள் பாத்துட்டு வித்துடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார், விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் கணவர் முகம் தெரிந்ததும் முதல் கேள்வி, "வித்தாச்சா?" என்பதுதான். "சாப்டாச்சா?" என்பது அதற்கப்புறம்.

நான் அந்தக் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். மக்காச்சோள விதை விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அறை வாடகை ஏன் அவ்வளவு குறைவு என்பது குடிவந்த மறுநாள் காலை கீழே ஒலிபெருக்கியைச் சோதித்தபோது புரிந்தது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். கட்டில்தான் முதலில் எழுந்தது.

அப்போதுதான் எங்கள் பக்கம் புதுவகை லைட் வந்திருந்தது. ஒரு பெரிய போர்டு முழுக்கப் பொடிப்பொடி பல்புகள். கம்ப்யூட்டரில் படம் செய்து ஏற்றினால் மயில் தோகை விரிக்கும், மணமக்கள் பெயர் ஓடும். திருச்சியிலிருந்து ஒரு பார்ட்டி இந்தப் போர்டோடு வந்து அக்காவின் பழைய வாடிக்கைகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போனது. அக்காவும் விடவில்லை. நாலு போர்டு வாங்கினார், பழைய லேப்டாப் ஒன்றும் வாங்கினார். பெரம்பலூர் கடைக்காரர் அதில் லைட்டுக்கான சாப்ட்வேரோடு, கையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து திறந்தார். திரையில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பொம்மைப் படங்கள். அதில் ஒன்று, வட்டமாக ஒரு கோடு, கோட்டின் மேல் இடம்விட்டு இடம்விட்டு நீலப் புள்ளிகள். ஒயரில் கோத்த சீரியல் பல்பேதான். பதினைந்து வருடமாக சீரியல் பல்பு கட்டியவருக்கு அதை விட்டு வேறு எதை அமுக்கத் தோன்றும்? அமுக்கினார். புள்ளி வைத்தார், கோடு இழுத்தார், வட்டம் போட்டார். ஸ்லைடர் என்று ஒரு கருவி இருந்தது, ஒரு கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகரும் குமிழ். அதை இழுத்தால் வட்டம் வீங்கியது, சுருங்கியது. பக்கத்திலிருந்த சிறிய முக்கோணத்தை அமுக்கினால் ஸ்லைடர் தானாக ஓடியது. கூடவே கோடும் ஓடியது. ஓடும் சீரியல்! அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பல நாள் இப்படியே போனது. போனில் யார் யாரோ விளக்கம் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து, கீழே பெட்டியில் என்ன எழுதினால் என்ன கோடு வரும் என்று கற்றுக்கொண்டார். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் அது லைட்டுக்கான ஏதோ ரகசிய மொழி என்று நினைத்திருக்கிறார்.

ஒருநாள் வாடகை கொடுக்கக் கீழே போனேன். "வாங்க தம்பி, லைட்டு எப்படி அலையடிக்குது பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பாம்பு மாதிரி ஒரு கோடு நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பலமுறை கவிழ்த்த கோடுகள். கணக்குக்குப் பயந்து பி.ஏ. வரலாறு சேர்ந்தவன் நான், அவற்றை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"அக்கா, இது லைட் சாப்ட்வேர் இல்ல. இது கணக்கு."

அக்கா ஷாக் அடித்தது போலக் கையை எடுத்தார். "கணக்கா?"

"பசங்க கணக்கு படிக்கிறதுக்கு வச்சிருக்கறது. லைட் சாப்ட்வேர் இதோ, பக்கத்துல கெடக்கு."

"அய்யய்யோ! எனக்கும் கணக்குக்கும் ஆவாது தம்பி. பத்தாவதுல அதுலதான் போச்சு. மார்க்க சொல்லி எந்திரிச்சு நிக்க வச்சாரு வாத்தியாரு. அதோட பையைத் தூக்கிக்கிட்டு வந்தவதான்."

லேப்டாப்பை மூடி, பீரோவில் வைத்துப் பூட்டியும் விட்டார். கொஞ்ச நாள் கடையில் அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு ஒரு காலையில் பார்த்தால் பழையபடி திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, ஆவாதுன்னீங்க?"

"யோசிச்சுப் பாத்தேன் தம்பி. தப்பாப் போட்டா இது என்ன பண்ணுது? அடிக்குதா, திட்டுதா, எந்திரிச்சு நில்லுங்குதா? கோடு வரல, அவ்வளவுதான். மாத்திப் போட்டா வருது. கணக்கு இவ்வளவு நல்லதுன்னு எனக்கு யாருமே சொல்லல." சொல்லிக்கொண்டே திரையின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். உடனே, "கணக்குன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன், நல்லவேளை!" என்று சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்துதான் ஊர் அவரை ஸ்லைடர் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது. திரையில் கற்றதை அவர் திரையோடு விடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் நகர்த்த வேண்டும், மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் எது எதனால் மாறுகிறது என்று தெரியும் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். அதற்கு முதல் பலி என் டீ. ஒரு வாரம் சர்க்கரையை மட்டும் ஏற்றி இறக்கினார். அடுத்த வாரம் டிகாஷன். அதற்கடுத்து இஞ்சி. இஞ்சி வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டி, வாடிக்கையாளர்களிடம் ஜாடையில் விதை விற்றேன். ஆனால் கடைசியில் ஒரு டீ போட்டுக் கொடுத்தார் பாருங்கள், அதற்குப் பிறகு வெளியில் எங்கே குடித்தாலும் வெந்நீராகத்தான் தெரிகிறது.

தொழிலிலும் இதே கதைதான். கணக்கு சாப்ட்வேரில் கோட்டை ஓடவிட்டுப் பதிவு செய்து, அதை லைட் போர்டில் ஏற்றும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இதயம் கேட்டார்கள். அக்கா ஒரே கோட்டில் வளைத்து இதயம் போட்டார். பெண்ணின் தாய்மாமன் அதை அண்ணாந்து பார்த்து, "வெத்தல போட்டுருக்காங்க பாரு, மங்களகரமா!" என்று கண்கலங்கினார். இதயம் என்று திருத்த அக்கா போகவில்லை. அடுத்து உடையார்பாளையத்தில் ஒரு முந்திரி வியாபாரி புதுக்கடை திறந்தார், முந்திரிப் பருப்பு வேண்டும் என்றார். புதிதாக ஒன்றும் வரையவில்லை. அந்த வெற்றிலையின் ஸ்லைடரை ஒரு இழுப்பு இழுத்தார். கூர்மையாக உள்ளே குத்தியிருந்த இடம் மெல்ல மழுங்கி வெறும் பள்ளமாகி, அச்சாக முந்திரிப் பருப்பு வந்து நின்றது. "பாத்தீங்களா தம்பி, வெத்தலையும் முந்திரியும் ஒரே கோத்தரம்!" என்று அவர் துள்ளிய துள்ளலை அந்த வியாபாரியின் குடும்பமே நின்று பார்த்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆடிக் கிருத்திகை வந்தது.

முருகன் கோயில் திருவிழாதான் அக்காவுக்கு வருடத்தின் பெரிய ஆர்டர். அதில் நன்றாகச் செய்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூப்பிடும். அந்த வருடம் திருச்சி பார்ட்டி அதற்கும் தூண்டில் போட்டிருந்தது. கமிட்டித் தலைவர் ஒரு உரக்கடைக்காரர். என் விதையை அதிகம் எடுப்பவரும் அவர்தான், ஆகவே அவரைக் கண்டால் நான் வண்டியை விட்டு இறங்கித்தான் பேசுவேன். அவர் அக்காவிடம் சொன்னார், "ஏம்மா, நம்ம ஊரு பொண்ணுன்னு இந்த வருஷம் குடுக்குறேன். சாமிக்கு ஆறு முகம். முகப்புல ஆறு இதழ்ல ஒரு பூ விரியணும். சரியா வரலேன்னா அடுத்த வருஷம் திருச்சிக்காரந்தான்."

சிங்கப்பூரிலிருந்து வந்த செய்தி இன்னும் தெளிவாக இருந்தது. "இந்த ஆர்டரும் போச்சுன்னா பேசாம கடையை வித்துடு. இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன், ஆள அனுப்பிடுவேன்."

ஆறு இதழ்ப் பூதானே, என்ன பிரமாதம் என்று நினைத்தேன். அக்காவிடம் பூ போடுவதற்கென்றே ஒரு கோடு இருந்தது. ஸ்லைடரில் மூன்று வைத்தால் மூன்று இதழ். ஐந்து வைத்தால் ஐந்து. ஆறு வைத்தார். பன்னிரண்டு இதழ் வந்தது. மறுபடி எண்ணினோம். பன்னிரண்டேதான். நாலு வைத்தால் எட்டு. இரண்டு வைத்தால் நாலு. ஒற்றைப்படை எண்ணுக்கு அதே எண்ணிக்கை, இரட்டைப்படைக்கு இரட்டிப்பு. உலகத்திலுள்ள எல்லாப் பூவும் வந்தது, ஆறு இதழ்ப் பூ மட்டும் வரவில்லை.

பன்னிரண்டு இதழையே கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஆறு கேட்டா பன்னெண்டு குடுக்குறியே, கொசுறா?"

"சாமிக்குப் பன்னெண்டு கை இருக்குங்களேய்யா."

"கையை எண்ணுறதுக்கு யாரும் திருவிழாவுக்கு வரல. மொகந்தான் கணக்கு. போயிட்டு ஆறோட வா."

என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒங்க அக்கா கவுத்துட்டா ஒங்க வெதையும் எனக்கு வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே ஆர்டரை ரத்து செய்வார் என்பது எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும்.

நான் பதறிப்போய் ஒரு யோசனை சொன்னேன். "மூணு இதழ்ப் பூவை ஒருதடவ நேராவும் ஒருதடவ தலகீழாவும் போட்டுட்டா ஆறு ஆயிடுமேக்கா."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பே இருந்தது. "அது ஒட்டுப்போட்ட பூ தம்பி. எடுத்த கையை எடுக்காம ஒரே கோட்டுல வரணும். ஒட்டுப்போடத்தான் திருச்சிக்காரன் இருக்கானே."

கடை போனாலும் போகட்டும், ஒட்டுப் பூ மட்டும் கிடையாது என்ற அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கையில் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று ஒரு விவசாயி, எங்கள் ஊர்ப் பேச்சில் சம்சாரி, இரண்டு பை விதை கேட்டு, பிறகு ஒன்று போதும் என்று சொல்லி, என் பிராணனை வாங்கிக் கடைசியில் ஒன்றரைப் பையில் முடித்திருந்தார். அந்த அலுப்பில் சொன்னேன், "ஒண்ணுக்கும் வரல, ரெண்டுக்கும் வரல. நடுவுல பேசி முடிங்களேன். ஒண்ணரைன்னு வைங்க."

"இதழுல அரை ஏது தம்பி? அதான் ஸ்லைடரை முழுசு முழுசாத்தான் ஓடற மாதிரி கட்டி வச்சிருக்கேன்" என்றவர் பாதியில் நிறுத்தினார். கட்டை அவிழ்த்தார். ஒன்றரை வைத்தார்.

ஆறு இதழ். ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு, தாமரை மாதிரி, ஒரே கோட்டில். அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அந்த டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கை தட்டினேன். என்னைவிட இந்தப் பூவில் அதிகப் பங்கு அந்த சம்சாரிக்குத்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் முகப்பில் போர்டுகள் ஏறின. அசையாமல் நின்ற படத்தில், கோடு எத்தனை சுற்று என்று பார்க்காமல் தாராளமாக ஓடியிருந்ததால், ஆறு இதழும் சரியாக இருந்தன. ஆனால் தலைவர் கேட்டது விரியும் பூ. ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பி ஓட வேண்டும், ஓடிய வழியெல்லாம் கோடாக நிற்க வேண்டும், சுற்றி முடிக்கும்போது பூ மலர வேண்டும். எப்போதும் போல முந்நூற்றறுபது டிகிரி, ஒரு முழுச் சுற்று என்று வைத்துப் பதிவு செய்திருந்தார் அக்கா. இதுவரை போட்ட எல்லாப் பூவும் ஒரு சுற்றில் முடிந்தவைதான். ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று போனபோது கரண்ட் போனது. வந்தபோது சாமி புறப்பாட்டுக்கு மேளம் அடித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று வீடியோ காலில் வந்திருந்தார். போனைப் பிடித்துக் காட்டும் வேலை எனக்கு. தலைவர் பட்டு வேட்டியோடு கும்பலின் முன்னால் நின்றார். அக்கா சுவிட்சைப் போட்டார்.

புள்ளி வலது பக்கத்தில் கிளம்பியது. வளைந்து உள்ளே வந்தது, கீழே இறங்கி ஒரு பெரிய இதழ் போட்டது. பக்கத்தில் இன்னொன்று போட்டது. பிறகு இடது பக்கம் மேலே ஏறி வளைந்து ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. கீழே குண்டாக இரண்டு கால். மேலே இரண்டு பக்கமும் விரித்த இரண்டு கை. தலை கிடையாது.

"தவள டோய்!" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். கும்பல் கொல்லென்று சிரித்தது. போர்டு அணைந்து மறுபடி ஓடியது. மறுபடியும் தவளை. போனுக்குள்ளிருந்து, "என்னப்பா அது, தவளையா? முருகனுக்கு எதுக்குத் தவளை?" என்று குரல் கேட்டது. போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டேன். தலைவர் திரும்பினார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

நான் அக்காவிடம் ஓடினேன். "அணைச்சிடுங்கக்கா, பழைய மயிலைப் போட்டுடலாம்!"

அக்கா அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு தவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து உறைந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ விரலால் காற்றில் கோட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி, கெளம்புனது வலது கைப் பக்கம். நிக்கிறது எங்க? இடது கைப் பக்கம். சுத்தி முடிச்சா கெளம்புன எடத்துக்குல்ல வரணும்? இது இன்னும் வூடு வந்து சேரல. பாதி வழியில நிக்குது."

"அதுக்கு?"

"இன்னொரு சுத்து சுத்தணும். ஒண்ணரைங்கறதால ஒரு சுத்துல தீரல. ரெண்டு சுத்துல தீரும்." லேப்டாப்பை, போர்டு ஏற்றி வந்த குட்டியானை லோடு வண்டியின் பின்பலகையில் வைத்தார். முந்நூற்றறுபது என்றிருந்ததை அழித்து எழுநூற்றிருபது என்று அடித்தார். அது பதிவாகிப் போர்டில் ஏறும் வரை அந்தக் கூட்டத்தை எதிர்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விதை விற்கும் வாய் வேறு எதற்கு? "இப்ப பாத்தது முன்னோட்டம்ங்க, அசல் இனிமேத்தான்" என்று மைக்கில் கத்தினேன்.

மறுபடி சுவிட்ச். புள்ளி கிளம்பியது, தவளை வந்தது, கும்பல் சிரித்தது. ஆனால் புள்ளி நிற்கவில்லை. இடது ஓரத்தில் திரும்பி மறுபடி உள்ளே வந்தது. மேலே ஏறி ஒரு இதழ் போட்டது, இன்னொன்று போட்டது. பாதியாக நின்ற கைகள் இரண்டும் நிரம்பி இதழாயின. கிளம்பிய இடத்திலேயே வந்து புள்ளி சேர்ந்தபோது, தவளை இருந்த இடத்தில் ஆறு இதழ்த் தாமரை பொன்னிறமாக நின்றது. சிரிப்பு அப்படியே அடங்கியது. யாரோ ஒரு அம்மா "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. நான் கும்பிட்டது சாமியையா அக்காவையா என்று கேட்காதீர்கள்.

நெஞ்சோடு அமுக்கிய போன் நினைவுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அதன் பின்பக்கக் கேமரா அத்தனை நேரமும் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சிங்கப்பூரில் அந்த மனிதர், "தம்பி, இன்னொரு தடவ போடச் சொல்லுங்க" என்றார். கேட்டதோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் கேள்வி "சாப்டாச்சா?" என்று இருந்ததாக அக்கா ஓடிவந்து என்னிடம் சொன்னார்.

தலைவர்? அடுத்த வருட ஆர்டரை அங்கேயே உறுதி செய்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அந்தத் தவளை கட்டாயம் வரணும்மா. அது வந்துதான் பூவாகணும்." வானம் பார்த்து மக்காச்சோளம் விதைக்கிற ஊர். தவளையைக் கண்டால் மழை என்று அர்த்தம். திருவிழா முடிந்து சில நாளில் மழை கொட்டியது. அதற்கான பெருமை முழுவதையும் கமிட்டி எடுத்துக்கொண்டது. என் விதையும் விற்றுத் தீர்ந்தது, எனக்கென்ன.

மறு வருடம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மூட்டை முடிச்சோடு கடை வாசலில் நின்றபோது அக்கா கடைசியாக ஒரு டீ கொடுத்தார். "வரேன்க்கா" என்றேன். ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றில் எதையோ என் பக்கத்திலிருந்து தன் பக்கமாக இழுத்தார்.

"இது ஒரு சுத்துதான் தம்பி. பாதியிலதான் போறீங்க. ஞாபகம் வச்சுக்கங்க."

இந்த ஆடிக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "போற ஊர் குன்னம்னு போட்டிருக்கு, உங்க வீடு தூத்துக்குடியில இல்ல இருக்கு?" என்று கேட்டார். அதுவும்தான் சார் என்றேன்.